மிதி ஏன் அமுங்கியது?
வீட்டில் கட்டிய விமானத்தில் ஒரு ஹைட்ராலிக் துப்பறிதல்

விமானம் தரையைத் தொட்டுவிட்டது. வேகத்தைக் குறைக்க விமானி இரண்டு மிதிகளின் மேல்நுனியையும் கால்விரல்களால் அழுத்துகிறார். வலது மிதி கல் மாதிரி நிற்கிறது. இடது மிதியோ, மெத்தையில் கால் வைத்ததுபோல் அமுங்கிக்கொண்டே போகிறது. விமானம் வலப்பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. ஓடுபாதையின் விளிம்பு விளக்குகள் நெருங்கி வருகின்றன. அவர் இடது மிதியை விட்டுவிட்டு மறுபடி மறுபடி வேகமாக மிதிக்கிறார். மூன்றாவது மிதிப்பில் பிரேக் பிடிக்கிறது. விமானம் நேராகி, மெல்ல நிற்கிறது.

பாடத்துக்காக நான் அமைத்த காட்சி இது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் சிறு விமானங்களில் நடக்கக்கூடியதே. அந்த மூன்றாவது மிதிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் மாணவர்களே. கோளாறு என்ன என்பதைப் பாதிக்கு மேல் அது சொல்லிவிட்டது.

விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனபின் அவர் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவார்? யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அந்த விமானத்தைக் கட்டியவரே அவர்தான். அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்தக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டினால், அதைச் சோதனை வகை விமானமாகப் பதிவு செய்து பறக்கலாம். கட்டியவர் தகுந்த சான்றிதழ் பெற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் செய்யவேண்டிய பரிசோதனையையும் அவரே செய்யலாம். ஓரிகன் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் நிறுவனம் பாகங்களைப் பெட்டியில் அனுப்புகிறது. வாங்கியவர் தம் கார் கொட்டகையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைப் பொருத்துகிறார். அந்த நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்கள் மட்டும் 11,000க்கு மேல் இப்படிக் கட்டப்பட்டுப் பறந்துள்ளன.

நம் காட்சியில் வருவது அவற்றில் ஒன்றான ஆர்வி-7ஏ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் அமரலாம், மூன்று சக்கரங்கள். முன்சக்கரம் பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரத்தைப்போலத் தானாகச் சுழலும். அதைத் திருப்ப எந்தக் கம்பியும் கிடையாது. வேகமாக ஓடும்போது வாலில் உள்ள சுக்கான் காற்றைத் தள்ளி விமானத்தைத் திருப்பும். வேகம் குறைந்ததும் சுக்கானுக்குப் பலம் போய்விடும். அதன்பிறகு இடப்பக்கம் திரும்ப இடது பிரேக், வலப்பக்கம் திரும்ப வலது பிரேக். ஆக, ஒரு பிரேக் போனால் நிறுத்தும் சக்தி குறைவதோடு திருப்பும் சக்தியும் போய்விடும். காட்சியில் விமானம் விளக்குகளை நோக்கி ஓடியது இதனால்தான்.

ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

புதிதாக விமானம் கட்டியவர்கள் செய்யும் முதல் தவறு, உடனே ஏதாவது ஓர் இணைப்பைக் கழற்றுவது. ஹைட்ராலிக் அமைப்பில் இது தடயத்தை அழிப்பதற்குச் சமம். ஓர் இணைப்பைத் தளர்த்திய கணத்திலேயே எண்ணெய் வெளியேறும், காற்று உள்ளே புகும். முன்பு இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கிய கோளாறு எது என்று பிறகு பிரித்தறிய முடியாது. முதலில் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்கப் பாஸ்கல் கோட்பாடு போதும்.

படிவம் 5 இயற்பியலில் அதைப் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின்மீது தரும் அழுத்தம் குறையாமல் திரவமெங்கும் எல்லாத் திசைகளிலும் பரவும். மிதிக்குப் பின்னால் உள்ள சிறு உருளைக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். அதன் பிஸ்டன் பரப்பு 2 சதுர செ.மீ. என்றும், கால் தரும் விசை 200 நியூட்டன் என்றும் கொள்வோம். அழுத்தம் ஒரு சதுர செ.மீட்டருக்கு 100 நியூட்டன். இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு. அதே அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரத்தில் உள்ள காலிப்பருக்குப் போகிறது. அங்குள்ள பிஸ்டன் 4 செ.மீ. விட்டம், அதாவது 12.6 சதுர செ.மீ. பரப்பு கொண்டது என்றால், பிரேக் பட்டையை வட்டின்மீது அழுத்தும் விசை 1,260 நியூட்டன். ஆறு மடங்குக்கு மேல் லாபம்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. காலிப்பர் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் நகர 0.63 கன செ.மீ. எண்ணெய் வேண்டும். அதைத் தர மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 3 மி.மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். நல்ல பிரேக்கில் மிதி இவ்வளவுதான் அமுங்கும்.

இப்போது அந்தக் குழாயில் 1 கன செ.மீ. காற்றுக் குமிழி ஒன்றை விடுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுதான். படிவம் 4இல் படித்த பாயில் விதி இங்கே வேலை செய்கிறது. மொத்த அழுத்தம் ஒன்றிலிருந்து பதினொன்றாக உயரும்போது குமிழி பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஏறத்தாழ 0.91 கன செ.மீ. இடம் காலியாகும்; அதை நிரப்ப மாஸ்டர் பிஸ்டன் கூடுதலாக 4.5 மி.மீ. போக வேண்டும். பிரேக் பிடிக்கத் தேவையான நகர்வைவிட, ஒரு சிறு குமிழியைச் சுருக்கத் தேவையான நகர்வு அதிகம்! அதே அழுத்தத்தில் 50 கன செ.மீ. எண்ணெய் முழுவதும் சேர்ந்து சுருங்குவது சுமார் 0.03 கன செ.மீ. மட்டுமே. மெத்தைபோல் அமுங்கும் மிதிக்குக் காரணம் எண்ணெயாக இருக்க முடியாது என்று இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

அப்படியானால் மூன்றாவது மிதிப்பில் பிரேக் ஏன் பிடித்தது? மிதியை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு வழி திறந்து, கலத்திலிருந்து எண்ணெய் உள்ளே வருகிறது. வேகமாக மீண்டும் மிதித்தால், குழாயில் போன எண்ணெய் முழுவதும் திரும்பி வருவதற்குள் புது எண்ணெயும் அதோடு சேர்ந்து தள்ளப்படுகிறது. ஒவ்வொரு மிதிப்பிலும் குழாயில் எண்ணெய் கூடுகிறது. இறுதியில் குமிழி நெருக்கப்பட்டு மிதி கெட்டியாகிறது. எனவே, மிதித்து மிதித்துக் கெட்டியாகும் பிரேக் என்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். அடுத்த சந்தேகம், பட்டை தேய்ந்தோ கோணலாக உட்கார்ந்தோ வட்டிலிருந்து அதிக தூரம் விலகி நிற்பது.

மோட்டார் சைக்கிளில் முன்பிரேக் குழாயைத் தாமே மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. என் பழைய மோட்டார் சைக்கிளில் நான் அப்படி மாற்றியபிறகு, கைப்பிடி நெம்புகோல் ஒரு வாரம் பஞ்சுபோல இருந்தது. நானும் ஒரு வாரம் நெம்புகோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர், நான்கு மிதிகள்

மெதுவாக அமுங்கும் மிதி வேறு கதை. காலை அசைக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போதே மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால், எங்கோ எண்ணெய் தப்பிக்கிறது. வெளியே சொட்டுகிறதா என்று பாருங்கள். காலிப்பர் ஈரமாக இருக்கிறதா? மிதிக்குக் கீழே தரையில் கறை உண்டா? எங்கும் இல்லையென்றால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தப்பிக்கிறது: மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடுகிறது.

எந்தச் சிலிண்டரில்? இரண்டு இருக்கை விமானங்களில் இந்த இடம் சுவையானது. விமானிக்கும் பிரேக், பக்கத்தில் இருப்பவருக்கும் பிரேக் வைக்கும்போது, ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டையும் வரிசையாக இணைப்பது வழக்கம். எண்ணெய் கலத்திலிருந்து பயணியின் சிலிண்டருக்குள் நுழைந்து, அதைக் கடந்து விமானியின் சிலிண்டருக்குள் நுழைந்து, அதையும் கடந்து சக்கரத்துக்குப் போகும். மிதிக்காமல் இருக்கும்போது இரண்டும் திறந்த வழிகள்தாம்.

இப்போது விமானியின் இடது மிதி இறங்குகிறது. பயணியின் இடது மிதி கெட்டியாக நிற்கிறது என்றால்? பயணி மிதித்தபோது அழுத்தம் விமானியின் சிலிண்டர் வழியாகவே சக்கரம்வரை போய் அங்கே நின்றது. ஆகவே குழாய் சரி, காலிப்பர் சரி. குற்றவாளி விமானியின் மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம். இரண்டு மிதிகளுமே இறங்கினால், இரண்டுக்கும் பொதுவான பகுதியில், அதாவது விமானியின் சிலிண்டருக்கும் சக்கரத்துக்கும் இடையில் தேட வேண்டும். ஒரு திருகையும் தொடாமல், நான்கு முறை மிதித்துப் பார்த்தே அமைப்பில் பாதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். நல்ல மெக்கானிக்குக்கும் பாகத்தை மாற்றிக்கொண்டே போகும் மெக்கானிக்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வெளிக்கசிவுக்கு வருவோம். விமானக் குழாயின் முனை சிறு புனல்போல விரிக்கப்பட்டிருக்கும். விமானத் தரத்தில் அந்தப் புனலின் கோணம் 37 பாகை. கார்க் கடைகளில் கிடைக்கும் குழாய் முனைக்கும் கருவிக்கும் அது 45 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றோடு ஒன்று திருகவும் முடியலாம். ஆனால் உலோகத்தோடு உலோகம் முழுவதும் படியாமல் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். சில வாரங்களில் கசியும். கசிவைக் கண்டதும் பலர் வெள்ளை நாடாவைத் திருகின்மேல் சுற்றுவார்கள். இந்த வகை இணைப்பில் எண்ணெயைத் தடுப்பது புனல் முகமே. திருகு அதை இறுக்கிப் பிடிப்பதோடு சரி. நாடாவால் பயன் இல்லை. அதன் கிழிசல் ஒன்று உள்ளே போய் ஒரு வால்வின் வாயில் உட்கார்ந்தால், வேறு ஒரு கோளாறையும் நாமே விலைகொடுத்து வாங்கியதாகிவிடும்.

சிவப்பு, ஊதா, வெளிர் மஞ்சள்

எண்ணெயின் நிறத்தைக் கவனியுங்கள். சிறு விமானங்களின் பிரேக்கில் பெரும்பாலும் இருப்பது சிவப்புச் சாயம் கலந்த கனிம எண்ணெய். அதன் அமெரிக்க இராணுவத் தர எண் 5606. பெரிய பயணி விமானங்களில் இருப்பது பாஸ்பேட் எஸ்டர் வகைத் திரவம், ஊதா நிறம். கார், மோட்டார் சைக்கிள் பிரேக்கில் பொதுவாக இருப்பது கிளைகால் வகை, வெளிர் மஞ்சள்.

மூன்றும் அழுத்தத்தைக் கடத்தும். பாஸ்கலுக்கு மூன்றும் ஒன்றுதான். ரப்பருக்கு அப்படியல்ல. கனிம எண்ணெய்க்காக வைக்கப்பட்ட நைட்ரைல் ரப்பர் வளையம் கார் பிரேக் திரவத்தில் ஊறினால் உப்பி, வலுவிழந்து கெடும். கார் பிரேக்கில் உள்ள இபிடிஎம் ரப்பரைக் கனிம எண்ணெயில் போட்டாலும் அதே கதி. கலத்தில் எண்ணெய் குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறவர் அன்றைக்கு எந்த மாற்றத்தையும் காணமாட்டார். பிற்பாடு வளையங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கும். அப்போது அந்தக் குப்பியை அவர் மறந்தே போயிருப்பார். நிறத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. காரின் தானியங்கிக் கியர்ப்பெட்டி எண்ணெயும் சிவப்புதான்! குப்பியின் மேலுள்ள எண்ணைப் படிப்பது ஒன்றே வழி.

விடாத பிரேக்

பிரேக் பிடிக்காததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிரேக் விடாமல் இருப்பது அதைவிட ஆபத்தானது என்பேன். மிதியை விட்டபிறகும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராவிட்டால், கலத்துக்குத் திரும்பும் சிறு வழி மூடியே இருக்கும். மிதி ஏதோ ஒரு தகட்டில் உரசுவதுகூட இதற்குப் போதும். சக்கரத்தில் பட்டை லேசாக உரசும், வெப்பம் உண்டாகும். எண்ணெய் சூடாகி விரியும். விரிந்த எண்ணெய்க்குப் போக வழியில்லை. அது பட்டையை இன்னும் இறுக்கும். இன்னும் வெப்பம், இன்னும் இறுக்கம். ஓடுபாதைக்குப் போகும் நீண்ட வழியிலேயே காலிப்பர் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகலாம். 5606 எண்ணெயின் தீப்பற்று நிலை சுமார் 82 பாகை செல்சியஸிலேயே தொடங்குகிறது. அதற்கு மாற்றாக வந்த 83282 என்ற எண்ணெய்க்கு அது 200 பாகையைத் தாண்டும். அதே ரப்பர் வளையங்களோடு ஒத்துப்போவதால், கட்டுபவர்கள் பலர் இப்போது இதற்கு மாறுகிறார்கள்.

அடைபட்ட எண்ணெய் சூடானால் அழுத்தம் எவ்வளவு ஏறும்? 10 பாகை உயர்ந்தால் கனிம எண்ணெய் சுமார் 0.8 விழுக்காடு விரியும். குழாய் கொஞ்சமும் நெகிழாது என்று கொண்டால், அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 120 மடங்கு ஏறும். உண்மையில் குழாயும் வளையங்களும் விரிந்துகொடுப்பதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் காலையில் நிறுத்துபிரேக்கைப் பூட்டிவிட்டு விமானத்தை வெயிலில் விட்டுப் போகக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். மாலைச் சூட்டில் பூட்டினால் இதற்கு நேர்மாறு: இரவில் எண்ணெய் சுருங்கி, பிரேக் தளர்ந்து, விடியலில் விமானம் உருண்டு நிற்கும்.

வானத்தில் கேட்கும் முனகல்

சக்கரங்களை உள்ளிழுக்கும் விமானங்களில் ஹைட்ராலிக்கின் பொறுப்பு இன்னும் பெரிது. லான்சேர் 360 என்ற இருவர் விமானத்தில் ஒரு மின்சாரப் பம்பு ஒரு பக்கம் சுழன்றால் சக்கரம் மேலே போகும். மறுபக்கம் சுழன்றால் கீழே வரும். மேலே போன சக்கரத்தைப் பிடித்துவைக்கக் கொக்கி எதுவும் கிடையாது. எண்ணெயின் அழுத்தமே தாங்கிக்கொண்டிருக்கும். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஓர் அழுத்த விசை பம்பைத் தானாக ஓடச் செய்யும்.

பறந்துகொண்டிருக்கும்போது பம்பு அடிக்கடி முனகினால் என்ன பொருள்? கீழே இறங்கியதும் கலத்தின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் வெளிக்கசிவு. குறையவில்லை என்றால் உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து தாழ் அழுத்தப் பக்கத்துக்கு உள்ளேயே கசிகிறது. ஒரு சிலிண்டரின் வளையமாக இருக்கலாம், தூசி சிக்கிய வால்வாக இருக்கலாம். விமானத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக இணைப்பிலிருந்து பிரித்து மூடி, எதைப் பிரித்தபோது அழுத்தம் நிலைக்கிறது என்று பார்ப்பார்கள். முன்பு நான்கு மிதிகளில் செய்த அதே வேலைதான்.

கசிவே இல்லாமலும் பம்பு ஓடும். சூடான தரையிலிருந்து கிளம்பிய விமானம் ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 பாகை குளிரான காற்றுக்குள் போகிறது. எண்ணெய் சுருங்கி அழுத்தம் குறைகிறது. பம்பு ஓடி ஈடுகட்டுகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் குளிர் என்றால், மேலேறி முடித்துச் சற்று நேரத்தில் முனகல் ஓய்ந்துவிடும். கசிவு என்றால் ஓயாது.

எல்லாமே கைவிட்டாலும் இறங்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கை வால்வைத் திறந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழும். முன்சக்கரத்துக்கு ஒரு வாயு ஸ்பிரிங் கைகொடுக்கும். சக்கரங்களை மேலே பிடித்திருந்தது அழுத்தம்தான் என்பதால், அதை விட்டுக்கொடுப்பதே மீட்பாகிறது.

ஓர் எச்சரிக்கை. பம்பு ஓடும்போது கசிவைக் கைவிரலால் தடவித் தேடக்கூடாது. ஊசித்துளை வழியாக வரும் உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், கறை காட்டிக்கொடுக்கும்.

நம் விமானியிடம் திரும்புவோம். அவருடைய இடது மிதி மெத்தைபோல் அமுங்கியது, மிதித்து மிதித்துக் கெட்டியானது. பயணிப் பக்க இடது மிதியும் அப்படியே. அழுத்திப் பிடித்தால் இறங்கவில்லை. எங்கும் ஈரம் இல்லை. காற்றுதான். பணிக்குறிப்பேட்டைப் புரட்டுகிறார்: போன வாரம் இடது சக்கரக் குழாயை மாற்றியிருக்கிறார். கார்களுக்குச் செய்வதுபோல் மேலே எண்ணெய் ஊற்றி, மிதித்துக் கீழ்வழியாகக் காற்றை வெளியேற்றப் பார்த்திருக்கிறார். காற்றோ மேலே போகத் துடிப்பது. மிதிகளுக்கு அருகே குழாய் மேடாக வளையும் இடத்தில் அது போய் ஒளிந்துகொண்டது.

இம்முறை காலிப்பரின் அடியில் உள்ள திருகில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, கைப்பம்பால் எண்ணெயைக் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறார். மிதிகள் நான்கையும் யாரும் தொடக்கூடாது. வழிகள் திறந்திருக்க வேண்டும். நண்பர் ஒருவர் மேலே கலத்தின் அருகில் ஊசிக்குழலோடு நின்று, நிரம்பி வழியாதபடி எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறார். முதலில் சிவப்பு எண்ணெய், பிறகு நுரை, பிறகு பட்டாணி அளவில் ஒரு குமிழி, அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் சிவப்பு மட்டும்.

திருகை மூடிவிட்டு மிதிக்கிறார். இடது மிதியும் கல் மாதிரி நிற்கிறது. அப்போதும் அவர் உடனே பறக்கவில்லை. மிதியை அழுத்திப் பிடித்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். சக்கரங்களுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. பிறகு யாரும் இல்லாத தளத்தில், மனிதன் நடக்கும் வேகத்தில் விமானத்தை உருட்டி, இடது பிரேக்கை ஒருமுறை, வலது பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்க்கிறார்.